18ஆம் நூற்றாண்டுப் பெண்கள் உடை தைத்து அணிவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருடத்தில் ஐந்தாறு வாரக்கடைசி நான் கித்தான் கூடாரத்தில் வைக்கோல் மேல் படுத்து எழுந்து விறகடுப்பில் சமைக்கிறேன். அமெரிக்க விடுதலைப் போர் நடந்த 1775–1783 காலத்தை நடத்திக் காட்டும் குழு ஒன்றில் இருக்கிறேன், ரீஎனாக்ட்மென்ட் என்பார்கள். ஆண்கள் குண்டில்லாமல் வெறும் மருந்து வைத்துத் துப்பாக்கி வெடிப்பார்கள். நாங்கள் படையோடு கூடவே நடந்த பெண்கள்: சமைப்பது, துவைப்பது, கிழிந்ததைத் தைப்பது எங்கள் வேலை. படங்களைப் பார்த்துவிட்டுத் தோழிகள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸப்பில் தட்டித் தட்டி அலுத்துப்போய் இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

எனக்கும் ஆசையாக இருக்கிறது. முதலில் கவுன் தைக்கட்டுமா?

வேண்டாம். எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள், நானும் அங்கேதான் தொடங்கினேன். கவுன் என்பது உள்ளே போட்டிருக்கும் ஸ்டேஸ் மேல், அதாவது கயிறு இழுத்துக் கட்டும் விறைப்பான உள்கச்சு மேல், அளவெடுத்துத் தைப்பது. ஸ்டேஸ் இல்லாத உடம்புக்குத் தைத்த கவுன், பிறகு ஸ்டேஸ் கட்டியதும் மார்பில் இறுகி, இடுப்பில் தொங்கும். என் முதல் கவுன் அப்படித்தான் ஆனது. அதைப் பிரித்து ஏப்ரன் தைத்தேன்.

அதற்கும் முன்னால் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: நீங்கள் யார், எந்த ஊர், எந்த வருடம்? 1740இல் லண்டனில் வாழ்ந்த வியாபாரி மனைவியின் உடை வேறு, 1778இல் பென்சில்வேனியாவில் துணி துவைத்த பெண்ணின் உடை வேறு. “18ஆம் நூற்றாண்டு” என்று பொதுவாக ஒன்று கிடையாது. நூறு வருடம் அது!

முடிவானதும் உள்ளிருந்து வெளியே வாருங்கள். ஷிஃப்ட் என்ற உள்சட்டை, ஸ்டேஸ், இடுப்புப் பை, பெட்டிக்கோட் என்ற பாவாடை இரண்டு, தலைக்குத் தொப்பி, கழுத்துக்குத் துணி. அப்புறம்தான் மேலுடை. அதிலும் முதல் வருடத்துக்குப் பெட்கவுன் போதும். முழங்கை வரை கையும் தொடை வரை நீளமும் உள்ள தொளதொள சட்டை. முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று மடித்து ஏப்ரன் நாடாவால் இறுக்கிவிடலாம். பெயரில் படுக்கை இருந்தாலும் உழைக்கும் பெண்கள் பகலெல்லாம் அதைத்தான் போட்டார்கள். நம்மூர் நைட்டியின் கதைதான்.

எந்த வரிசையில் போடுவது?

முதலில் ஷிஃப்ட். முழங்கால் தாண்டி வரும் லினன் உள்சட்டை. பிறகு காலுறை, முழங்காலடியில் அதைப் பிடிக்க ஒரு நாடா. அடுத்து ஷூ. ஆமாம், இப்போதே. ஸ்டேஸ் கட்டியபின் குனிந்து ஷூ பக்கிள் மாட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று ஒருமுறை பட்டால் வாழ்நாளுக்கும் மறக்காது. அதன்மேல் ஸ்டேஸ், இடுப்புப் பை, பெட்டிக்கோட்டுகள், கழுத்துத் துணி, கவுன், ஏப்ரன், தொப்பி. பழகிவிட்டால் இருபது நிமிடம்.

ஸ்டேஸ் என்றால் கார்செட்தானே? மூச்சு முட்டாதா? மயக்கம் வராதா?

கார்செட் என்று நாம் மனதில் நினைக்கும் மணல்கடிகார உருவம் அடுத்த நூற்றாண்டைச் சேர்ந்தது. ஸ்டேஸ் இடுப்பைக் கிள்ளாது. உடம்பை ஒரு கூம்பு மாதிரி நேராக்கி, மார்பை மேலே தூக்கி, முதுகுக்கு முட்டுக் கொடுக்கும். இடுப்பு ஓரிரு அங்குலம் குறைந்தால் அதிகம். துவைப்பவள், பால் கறப்பவள், வயலில் நின்றவள் எல்லாரும் கட்டிக்கொண்டுதான் வேலை பார்த்தார்கள். மூச்சு முட்டினால் ஒருத்தியாலும் தண்ணீர் சுமந்திருக்க முடியாது.

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. நாள் முழுக்க இரும்புச் சட்டி தூக்கியும் இடுப்புவலி வரவில்லை. ஞாயிறு மாலை கழற்றிய பிறகுதான் வந்தது. கூன் போட்டு உட்கார முடியாது என்பது மட்டும் உண்மை. தரையில் கிடப்பதை எடுக்க முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் கீழே போக வேண்டும்.

வலிக்கிறது என்றால் அளவு தப்பு. பின்பக்கம் கயிறு இழுத்துக் கட்டியபின் இரண்டு ஓரத்துக்கும் நடுவே இரண்டு அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும். இரண்டும் முட்டிக்கொண்டால் பெரிது. அக்குளில் குத்தினால் அந்த இடத்தை வெட்டித் தாழ்த்துங்கள். நல்ல துணியில் கைவைக்குமுன் காடாத்துணியில் ஒன்று தைத்துப் பாருங்கள். நான் மூன்று தைத்தேன்.

உள்ளே திமிங்கல எலும்பு வைக்க வேண்டுமாமே?

எலும்பு என்று சொன்னாலும் அது எலும்பில்லை. சிலவகைத் திமிங்கலங்கள் வாயில் இரை வடிகட்ட வைத்திருக்கும் தகடு. நம் நகம் எதனாலானதோ அதனாலானது. உடம்புச் சூட்டில் கொஞ்சம் இளகி ஆளுக்கேற்ப வளைந்துகொள்ளும். இன்று அதற்காகத் திமிங்கலத்தைத் தேட வேண்டாம். அதே குணத்தில் செயற்கைத் தகடு விற்கிறார்கள். கை கடித்தால் ஹார்டுவேர் கடையில் தடிமனான கேபிள் டை வாங்கி வெட்டி, முனையைத் தேய்த்து வழவழப்பாக்கி நுழைத்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், குழுவில் பாதிப்பேர் முதுகில் அதுதான் இருக்கிறது.

கயிறு நுழையும் துளைகளுக்கு மட்டும் உலோக வளையம் அடிக்காதீர்கள். அந்தக் காலத்தில் அது இல்லை. கூரான ஊசிமுள்ளால் துணியின் இழைகளைக் கிழிக்காமல் மெல்ல விலக்கித் துளையாக்கி, சுற்றிலும் லினன் நூலால் கட்ட வேண்டும். ஒரு துளைக்குப் பத்து நிமிடம், ஒரு ஸ்டேஸுக்கு இருபத்துச் சொச்சம் துளை. நல்ல சீரியல் ஒன்று ஓடினால் முடிந்துவிடும். கயிறு ஒன்றே ஒன்றுதான். இரண்டு முனையும் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் ஷூலேஸ் முறை இல்லை. ஒரு முனையைக் கீழே முடிந்து, மற்றதைச் சுருள் சுருளாக மேலே ஏற்றுவது.

கேட்கத் தயக்கம்தான்… ஜட்டி?

அந்தக் காலத்து ஆங்கிலேயப் பெண்கள் போடவில்லை. நீங்கள் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம், யாரும் வந்து பார்க்கப் போவதில்லை.

எந்தத் துணி எடுக்கட்டும்? பாலியெஸ்டர் மலிவாக இருக்கிறதே?

லினன், கம்பளி. இந்த இரண்டிலேயே முழு உடையும் முடிந்துவிடும். வெயிலில் கம்பளியா என்று பதற வேண்டாம், மெல்லிய நெசவுக் கம்பளி பெட்டிக்கோட் லினன் ஷிஃப்ட் மேல் இருந்தால் ஜூலையிலும் தாங்கும். ஷிஃப்ட்டுக்கு மெல்லிய லினன், மேலுடைக்கு நடுத்தரக் கனம். வெட்டுமுன் வெந்நீரில் துவைத்துவிடுங்கள், லினன் நன்றாகச் சுருங்கும்.

பாலியெஸ்டர் வேண்டாம் என்பது அழகுக்காக மட்டும் சொல்வதல்ல. முதல் வருடம் இணையக் கடை ஒன்றில் “காலனியக் கால உடை” என்று வாங்கினேன். கையில் எலாஸ்டிக், மார்பில் பித்தளை வளையத்துக் கயிறு, பளபள பாவாடை. அடுப்பில் கட்டை வெடித்து ஒரு பொறி பாவாடையில் விழுந்தது. எரியவில்லை, உருகியது. காசளவு ஓட்டை, விளிம்பெல்லாம் கறுப்பு மணியாகக் கெட்டித்து முழங்காலில் ஒட்டிக்கொண்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. கம்பளி பொறி பட்டால் கருகி, அநேகமாகத் தானே அணைந்துவிடும். லினன் எரியும்தான், ஆனால் தோலில் ஒட்டாது. அடுப்பருகே நிற்பவர்கள் கம்பளிப் பெட்டிக்கோட் போடுங்கள், முன்னால் ஏப்ரன் கட்டுங்கள்.

இதோடு ஒரு பொய்யையும் புதைத்துவிடலாம். “அந்தக் காலத்தில் பிரசவத்துக்கு அடுத்தபடியாகப் பாவாடையில் தீப்பிடித்துத்தான் பெண்கள் அதிகம் இறந்தார்கள்” என்று சுற்றுலா வழிகாட்டிகள் சிலர் சொல்வார்கள். ஆதாரமில்லாத கதை. பெண்களை அள்ளிக்கொண்டு போனது காய்ச்சலும் தொற்றும்தான்.

பருத்தி கூடாதா? நம்மூரிலிருந்து போன துணிதானே?

இது எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

போனது உண்மை. மசூலிப்பட்டினத்திலிருந்து பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் வரை சோழமண்டலக் கரை முழுக்க ஐரோப்பியக் கம்பெனிகள் துணி வாங்கக் காத்துக்கிடந்தன. அவர்கள் சின்ட்ஸ் என்று அழைத்தது, கையால் வரைந்து சாயமேற்றிய நம் பருத்தி. துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் நனைத்து உலர்த்தி, சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலும், கறுப்பு வேண்டிய இடத்தில் இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரும் தீட்டி, சாயவேர் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். நீலம் படக்கூடாத இடமெல்லாம் மெழுகு பூசி அவுரியில் முக்குவார்கள். துவைத்தாலும் போகாத நிறம். ஐரோப்பாவில் அப்போது பருத்தியில் இப்படி நிறம் நிற்கவைக்கத் தெரியாது.

விளைவு, உள்ளூர் நெசவாளர்களுக்கு வயிற்றெரிச்சல். பிரான்ஸ் 1686இல் தடை போட்டு 1759 வரை வைத்திருந்தது. இங்கிலாந்தில் 1719இல் லண்டன் பட்டு நெசவாளர்கள் தெருவில் இந்தியத் துணி கட்டிய பெண்களைத் துரத்தி உடையைக் கிழித்தார்கள், மையும் அமிலமும் வீசினார்கள். 1721 சட்டம் அச்சிட்ட பருத்தியை உடுத்துவதையே தடைசெய்தது, 1774இல்தான் தளர்ந்தது. ஆனால் மறு ஏற்றுமதிக்குத் தடையில்லை. அதனால் லண்டனில் உடுத்தக்கூடாத சின்ட்ஸ், அமெரிக்கக் காலனிகளுக்குத் தாராளமாக வந்து இறங்கியது.

ஆகவே 1770களின் வர்ஜீனியாவுக்கு அச்சுப் பருத்தி கவுன் மிகச் சரி. வெள்ளைத் தரையில் வளைந்தோடும் கொடியும் பூவும் இருக்கட்டும். இன்று கடையில் கிடைக்கும் கலம்காரி பெரும்பாலும் ஒத்துவராது. பழுப்புத் தரையும் மயிலும் தெய்வ உருவங்களும் நமக்கு அழகு, அந்தச் சந்தைக்குப் போன துணி அதுவல்ல. வெறும் வெள்ளைப் பருத்தியை லினனுக்குப் பதிலாக ஷிஃப்ட் தைக்க எடுப்பதும் அந்தக் காலத்துக்குப் பொருந்தாது. அமெரிக்காவில் பருத்தி மலிவானது 1793இல் பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கும் எந்திரம் வந்த பிறகுதான்.

சுலபமான வழி ஒன்று இருக்கிறது: கழுத்துக்குக் கட்டம் போட்ட பருத்திக் கைக்குட்டை. பழவேற்காட்டிலிருந்து போனதால் ஆங்கிலத்தில் அந்த வகைக்கே புலிகட் என்று பேர். மெட்ராஸ் கைக்குட்டை கரீபியன் தீவுகளுக்கும் லூசியானாவுக்கும் போனது; லூசியானாவில் 1786இல் ஆளுநர் மிரோ கறுப்பினப் பெண்கள் தலைமுடியை மறைக்க வேண்டும் என்று ஆணையிட, அவர்கள் வண்ணத் துணிகளைத் தலையில் ஒய்யாரமாகச் சுற்றி அந்த ஆணையையே கேலிக்கூத்தாக்கினார்கள்.

அம்மாவின் பட்டுப்புடவை சும்மா கிடக்கிறது. அதில் தைக்கலாமா?

அம்மாவிடம் முதலில் கேளுங்கள். ஜரிகையும் புட்டாவும் உள்ளது வேண்டாம். உடம்பு முழுக்க ஒரே நிறமாக, விறைப்பாக, வழவழவென்று இருந்தால் யோசிக்கலாம். மயில்கழுத்து நிறம் போல ஊடும் பாவும் வேறுவேறாக நெய்த பட்டு அன்று இங்கிலாந்திலும் விரும்பி உடுத்தப்பட்டது. இழையில் முடிச்சுமுடிச்சாகத் தெரியும் முரட்டுப் பட்டை ஒதுக்குங்கள். எப்படியும் கூடாரத்தில் துவைக்கும் பெண்ணுக்குப் பட்டு கவுன் ஏது? பட்டு கட்டினால் வேலைக்காரியோடு வர வேண்டும்.

ஏழைப் பெண்கள் என்ன உடுத்தினார்கள் என்று எப்படித் தெரியும்? ஓவியத்தில் எல்லாம் சீமாட்டிகள்தானே?

சரியான சந்தேகம். மியூசியங்களில் தப்பிப் பிழைத்ததும் பெரும்பாலும் பட்டுதான். ஏழை உடை கிழியும்வரை உடுத்தப்பட்டு, கந்தலாகிக் காகிதக் கூழுக்குப் போனது.

இரண்டு இடங்களில் அவர்கள் தெரிகிறார்கள். ஒன்று, அன்றைய அமெரிக்கச் செய்தித்தாள்களில் ஓடிப்போன அடிமைகளையும் ஒப்பந்த வேலைக்காரர்களையும் பிடித்துத் தரச் சொல்லி வந்த விளம்பரங்கள். எசமானர் அடையாளத்துக்காக நிறம், துணி, எத்தனை பெட்டிக்கோட், ஷூவில் என்ன பக்கிள் என்று வரி வரியாக எழுதுவார். படித்துக் குறிப்பெடுக்கும்போது நெஞ்சு கனக்கும். ஓடியவளைப் பிடிப்பதற்காக எழுதியதை வைத்து நாம் பெட்டிக்கோட் தைக்கிறோம்.

இன்னொன்று லண்டன் ஃபவுண்ட்லிங் மருத்துவமனை. வளர்க்க முடியாத தாய்மார் கைக்குழந்தைகளை அங்கே விட்டுப்போனார்கள். பின்னாளில் அடையாளம் காண, பதிவுத்தாளோடு ஒரு துணித் துண்டைக் குத்தி வைத்தார்கள்; அநேகம் குழந்தை உடுத்தியிருந்ததிலிருந்தே வெட்டியது. 1741க்கும் 1760க்கும் இடைப்பட்ட சுமார் 5,000 துண்டுகள் இன்றும் இருக்கின்றன. சாதாரண மக்கள் கட்டிய துணி இவ்வளவு மொத்தமாக வேறெங்கும் இல்லை. கோடு, கட்டம், பூ அச்சு என்று கலர்கலராக இருக்கும். ஏழை என்றால் மண்நிறம் என்று நினைப்பவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

எல்லாம் கையால்தான் தைக்க வேண்டுமா?

தையல் எந்திரம் 1840களில்தான் உருப்படியாக வந்தது; அதனால் கண்டிப்பான குழுக்களில் வெளியே தெரியும் தையல் கையால்தான் இருக்க வேண்டும். உள்ளே நீளத் தையலை மெஷினில் ஓட்டிவிட்டு, ஓரமும் துளையும் மட்டும் கையால் முடிப்பவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

ஆனால் ஷிஃப்டையாவது கையால் தைத்துப் பாருங்கள் என்பேன். வளைவே இல்லாத உடுப்பு. உடம்புக்கு நீண்ட செவ்வகம், கைக்கு இரண்டு செவ்வகம், அடிப்பக்கம் விரிய முக்கோணங்கள், அக்குளில் ஒரு சதுரத் துண்டு. ஒரு சாண் துணி வீணாகாது. அந்தக் காலத்தில் தையல்கூலி கொஞ்சம், துணி விலைதான் மலை. வெட்டாமல் மடித்துத் தைப்பதே புத்திசாலித்தனம். கவுனின் முதுகுக் கொசுவமும் அதே கணக்குதான்: பின்னாளில் பிரித்து வேறு உடுப்பாக்க முழுத் துணியும் உள்ளே காத்திருக்கும். அளவு காகிதமும் கிடையாது. தையற்காரி லைனிங் துணியை ஆளின் மேலேயே வைத்துக் குண்டூசி குத்தி வெட்டிவிடுவாள்.

நூலை ஒருமுறை தேன்மெழுகில் இழுத்துவிடுங்கள், சிக்காது.

கவுனுக்குப் பட்டன், கொக்கி எங்கே?

இல்லை. குதிரைச் சவாரி உடை மாதிரி சிலவற்றைத் தவிர, முன்பக்கத்தை மூடுவது குண்டூசி. நம்பமாட்டீர்கள், குத்தாது. கவுன் ஓரத்தில் நுழைத்து, வெளியே எடுத்து, மறுபடி உள்ளே இறக்கி, முனையை ஸ்டேஸின் கெட்டியான அடுக்குகளுக்கு நடுவே புதைத்துவிட வேண்டும். ஓரத்துக்கு ஏழெட்டு ஊசி. புடவைத் தலைப்பில் பின் குத்திப் பழகிய கைக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை; வெள்ளைக்காரத் தோழிகளுக்குக் காலையில் நான்தான் குத்திவிடுவேன்.

பாக்கெட் உண்டா?

உண்டு, நம் உடைகளைவிட நல்லது. பாட்டி இடுப்பில் செருகும் சுருக்குப்பை தெரியுமல்லவா? அதன் பெரிய அக்கா. நாடாவில் கோத்த பேரிக்காய் வடிவப் பையைப் பெட்டிக்கோட்டுக்குள் கட்டிக்கொண்டு, பெட்டிக்கோட்டின் பக்கப் பிளவு வழியாகக் கைவிடலாம். என் பையில் போன், கார் சாவி, இன்ஹேலர், கடலைமிட்டாய் எல்லாம் அடங்கும்.

தலைக்கு விக் வேண்டுமா?

வேண்டாம். விக் ஆண்கள் சமாச்சாரம். பெண்கள் சொந்த முடியைத்தான் உயர்த்திக் கட்டினார்கள். சீமாட்டிகள் உள்ளே திண்டு வைத்து வாசனைக் கொழுப்பும் மாவுப்பொடியும் பூசினார்கள். நமக்குக் கொண்டையும் வெள்ளை லினன் தொப்பியும் போதும். தொப்பி இல்லாமல் தலைவிரி கோலமாக நின்றால், மற்றதெல்லாம் எவ்வளவு சரியாக இருந்தாலும் வேஷம் கலைந்துவிடும்.

மூக்குத்தி, தாலி, மூக்குக் கண்ணாடி?

தாலி ஷிஃப்டுக்குள் போய்விடும். மூக்குத்தியைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். கண்ணாடிக்கு லென்ஸ், அல்லது வட்ட உலோகச் சட்டம். மருதாணி போட்ட கையோடு ஒருமுறை போனேன். பார்க்க வந்த ஒரு சிறுமி நாளெல்லாம் அதைப் பற்றித்தான் கேட்டாள்.

நம் நிறத்தில் ஒருத்தி அங்கே இருந்திருப்பாளா? யாராவது ஏதாவது சொல்வார்களா?

கேட்பவர்கள் உண்டு. என் பதில் தயாராக இருக்கும். 1635இலேயே வர்ஜீனியாவில் ஜார்ஜ் மெனிஃபி என்பவரின் நிலப் பதிவில் “கிழக்கிந்தியர் டோனி” என்று ஒரு பெயர் இருக்கிறது. அடுத்த நூற்றாண்டின் வர்ஜீனியாச் செய்தித்தாள் விளம்பரங்களிலும் கிழக்கிந்தியர் என்று குறிக்கப்பட்டு ஓடிப்போனவர்கள் வருகிறார்கள். கம்பெனி அதிகாரிகளின் குடும்பத்தோடு லண்டனுக்குக் கப்பலேறிய ஆயாக்களும் இருந்தார்கள். எண்ணிக்கை கொஞ்சம்தான், ஆனால் இல்லாதவர்கள் இல்லை. நல்ல குழு என்றால் இதையெல்லாம் உங்களைக் கேட்காது. கேட்டால் வேறு குழு பாருங்கள்.

தைக்காமல் வாங்க முடியாதா? எங்கே போய்ப் பார்ப்பது?

வாங்கலாம். கையால் நன்றாகத் தைத்த கவுன் பல நூறு டாலர். ஷூவையும் ஸ்டேஸையும் வாங்கி, மற்றதைத் தைப்பது நல்ல கணக்கு. பக்கிள் வைத்த ஷூவைத் தோலில் மட்டும் வாங்குங்கள். பெரும்பாலான குழுக்கள் புதிதாக வருபவர்களுக்கு முதல் ஓரிரு நிகழ்ச்சிக்கு உடை இரவல் தரும், வெட்கப்படாமல் கேளுங்கள்.

பார்ப்பதற்கு வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கைவிட நல்ல இடம் தெரியாது. அங்கே மார்கரெட் ஹன்டர் கடை என்று ஒன்று. அந்தக் காலத்து முறையிலேயே கவுன் வெட்டித் தைப்பார்கள். கேட்டால் தையலை நிறுத்தி உள்பக்கத்தைப் புரட்டிக் காட்டுவார்கள். வெளிப்பக்கத்தை விட்டுவிட்டு அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

எப்படித் துவைப்பது?

ஷிஃப்டும் தொப்பியும் வாஷிங் மெஷினில். கம்பளிப் பெட்டிக்கோட்டை வெயிலில் போட்டுத் தட்டினால் போதும். ஸ்டேஸைத் துவைக்காதீர்கள், வேர்வையை ஷிஃப்ட் வாங்கிக்கொள்ளும், ஸ்டேஸைக் கொடியில் இரண்டு நாள் காற்றாட விடுங்கள். ஊசிகளை எண்ணி எடுத்தபிறகே எதையும் மெஷினில் போடுங்கள். எங்கள் வீட்டு மெஷினின் டிரம்மில் ஒன்று இன்னும் எங்கேயோ சிக்கிக்கொண்டு கிணுகிணுக்கிறது.